இருவகை ஒப்பந்தம்: கத்தோலிக்கரின் மண நிச்சயமும் பினாங்குத் தமிழரும்

ஒப்பந்தம் என்னும் சொல் மலாயாத் தமிழரின் செவியில் இனிமையாக விழும் சொல்லன்று. நம் பாட்டன் பூட்டன்மார் கைநாட்டு வைத்துக் கடல் கடந்ததும், புரொவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களிலே வருஷக்கணக்காகக் கட்டுண்டு கிடந்ததும் ஒப்பந்தத்தின் பேரால்தான். அதனை மீறித் தோட்டத்தை விட்டு வெளியேறிய கூலியாளுக்குச் சிறைத் தண்டனை காத்திருந்தது. கைநாட்டு வைக்கும்வரை அவன் மனிதன்; வைத்த பின் அவன் ஒரு கணக்கு. அம்முறை 1910-ல் ஒழிக்கப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1908-ஆம் வருஷம் ஏப்ரல் 19-ஆம் நாள் ஈஸ்டர் திருநாளன்று, வேறொருவகை ஒப்பந்தம் பற்றிய சட்டம் கத்தோலிக்கரிடையே அமலுக்கு வந்தது. அது மண ஒப்பந்தம். அதாவது, விவாகத்திற்கு முன் ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் அளிக்கும் வாக்கு. இவ்வொப்பந்தத்திலும் எழுத்து உண்டு, சாட்சிகள் உண்டு, எழுத்தறியாத ஏழைக்கு இடமும் உண்டு. ஆயினும் இதிலிருந்து விலகுவோரைப் பிடித்துவந்து மணப்பந்தலில் நிறுத்த எவருக்கும் அதிகாரமில்லை என்பது விரைவிலேயே திருச்சபைச் சட்டத்தில் ஐயமின்றி நிலைபெற்றது. ஒன்று, விலக முடியாமையால் நின்ற ஒப்பந்தம். மற்றொன்று, விலக முடிந்தும் நிற்கவேண்டிய ஒப்பந்தம். இவ்விரண்டில் எதனை நம்பிக்கை என்று கூறுவது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குக் கத்தோலிக்க மண ஒப்பந்தத்தின் வரலாறு பெரிதும் உதவும். அவ்வரலாற்றின் ஓர் இழை நம் பினாங்குத் தீவிலும் ஓடுகின்றது.

தீவின் முதல் தம்பதிகள்

பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் பினாங்கைக் கும்பெனியாருக்காக 1786-ஆம் வருஷம் ஆகஸ்ட் 11-ஆம் நாள் கைக்கொண்டார். அதே வருஷத்திலேயே கெடாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள், கார்னோ என்னும் பிரெஞ்சுக் குருவின் தலைமையில் இங்கே குடியேறின. ஜார்ஜ் டவுனின் மோட்ச ஆரோபண மாதா ஆலயம் அக்குடியேற்றத்தில் பிறந்ததே. லைட்டோடு வாழ்ந்த மார்ட்டினா ரொஸெல்ஸ் என்னும் பெண்மணியும் போர்த்துக்கேயக் கலப்புக் குடியிற் பிறந்த கத்தோலிக்கர் என்பர். லைட் 1794-ல் காய்ச்சலால் இறந்தார். இறக்குமுன் எழுதிய மரண சாசனத்தில் அவ்வம்மையாருக்குச் சொத்துக்கள் ஒதுக்கிய அவர், அவரை மனைவியென்று குறிக்கவில்லை. 1772 முதல் தம்மோடு வாழ்ந்துவந்தவர் என்றே குறித்தார். இருபத்திரண்டு வருஷ வாழ்க்கை, பிள்ளைகள் பலர், அவருள் ஒருவர் பின்னாளில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை வகுத்தமைத்த வில்லியம் லைட். இருந்தும் அவ்வம்மையார் சட்டப்படி மனைவியா அன்றா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றளவும் வாதிடுகின்றனர்.

இருவருக்குமிடையே அன்பில்லை என்று யார் சொல்ல முடியும்? இல்லாதது, பிறர் காணத்தக்க சான்றே. சான்றில்லாத வாக்கின் பாரம் எப்போதும் பெண்ணின் தலையிலேயே இறங்குகின்றது. பினாங்கின் முதல் இல்லறமே நமக்குப் போதிக்கும் பாடம் இது.

சம்மதம் ஒன்றே போதுமா?

பழைய நாளில் திருச்சபை, விவாகத்திற்கு உயிர்நிலை இருவரின் சம்மதமே என்று கொண்டது. பாப்பரசர் முதலாம் நிக்கோலாஸ் 866-ல் பல்கேரிய மக்களுக்கு விடுத்த நிருபத்தில், மோதிரம் அணிவித்தல், சீதனம் குறித்தல் முதலிய நிச்சயச் சடங்குகளை விவரித்துவிட்டு, இவையெல்லாம் இல்லாவிடினும் சம்மதம் இருந்தால் போதும். சம்மதம் இல்லையேல் மற்றனைத்தும் வீண் என்னும் கருத்தை நிலைநாட்டினார். ஏழைக்கு இரங்கும் உயர்ந்த கொள்கை இது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் உலகம் கொள்கையினும் வஞ்சகமானது. மறைவிலே வாக்களித்தவன் வெளியிலே மறுத்தான். ஒருத்திக்கு இரகசியமாகக் கணவனானவன் மற்றொருத்தியைக் கோவிலிலே பகிரங்கமாக மணந்தான். வாக்குத் தவறுதல் மலிந்த பின்பே சான்றோர் மணச் சடங்கை வகுத்தனர் என்று நம் தொல்காப்பியம் கற்பியலில் கூறுவது தமிழர் அறிந்ததே. ஐரோப்பாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1215-ல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், மணம் நிகழுமுன் அதனைக் கோவிலிலே அறிவிக்கவேண்டுமென்று விதித்தது. நம் தமிழ்க் கோவில்களில் ஓலை வாசித்தல் என்று வழங்கும் வழக்கத்தின் மூலம் இதுவே. 1563-ஆம் வருஷம் நவம்பர் 11-ஆம் நாள் திரிதெந்தீன் பொதுச்சங்கம், பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னிலையாக நடவாத விவாகம் செல்லாது என்று கட்டளையிட்டது. இக்கட்டளை முறைப்படி பிரசித்தம் செய்யப்பட்ட இடங்களில் மட்டுமே செல்லும் என்றிருந்தமையால், ஊருக்கு ஒரு நியாயம் என்ற நிலை பல நூற்றாண்டு நீடித்தது. மண ஒப்பந்தத்திற்கோ எழுத்தும் சாட்சியும் வேண்டுமென்று அச்சங்கம் விதிக்கவில்லை. வாய்ச்சொல்லே போதும் என்ற பழைய வழக்கம் தொடர்ந்தது.

இத்தாலிய ஆசிரியர் மான்சோனி 1827-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலுக்கு 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' என்பதே பொருளாகும் பெயர். பட்டு நெய்யும் ஏழை வாலிபனும் அவனுக்கு நிச்சயித்த பெண்ணும் கதைத் தலைவர்கள். ஊர்ப் பிரபு ஒருவன் அப்பெண்ணின்மேல் கண் வைத்துக் குருவானவரை மிரட்டி மணத்தைத் தடுக்கிறான். போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் அவர்களைப் பிரிக்கின்றன. அபாய வேளையில் அப்பெண், தான் தப்பினால் கன்னியாகவே இருப்பதாகத் தேவமாதாவுக்கு நேர்ந்துகொள்கிறாள். ஈற்றில் ஒரு துறவி அந்நேர்ச்சையிலிருந்து அவளை விடுவிக்கிறார். பழைய வாக்கு புதுப்பிக்கப்பட்டு மணம் நிறைவேறுகிறது. முன்னரே மற்றொருவனுக்கு வாக்களித்தவள், அவன் அறியாமல் செய்த நேர்ச்சை அவனைக் கட்டாது என்பது அத்துறவி காட்டும் நியாயம். விசுவாசம் என்பது மனிதனுக்கு அளித்த வாக்கை விழுங்கிவிடுவதன்று. அதனைத் தாங்கி நிற்பது என்னும் உண்மை அக்கதையின் சாரம் எனலாம்.

புதுச்சேரியில் ஒரு தீர்ப்பு

இனித் தமிழகத்திற்கு வருவோம். பாப்பரசரின் பிரதிநிதியாகக் கீழ்நாடு வந்த டூர்னோன் என்பவர் 1703-ஆம் வருஷக் கடைசியில் புதுச்சேரியில் இறங்கினார். மறுவருஷம் ஜூன் 23-ஆம் தேதியிட்ட ஆணையொன்றில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கங்கள் பலவற்றை அவர் தடுத்தார். தமிழறியாதவர், எட்டு மாதமே தங்கியவர், அக்காலத்திலும் நோயாளியாய்க் கிடந்தவர். ஆகவே மணத்தில் தேங்காய் உடைப்பதையும், நூற்றெட்டு இழை மஞ்சட் கயிற்றையும் அவர் தடுத்தது பற்றி நாற்பது வருஷம் வாதம் நடந்தது. 1744-ல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் அதனை முடித்துவைத்தார். அவ்வழக்கின் நன்மை தீமைகளை ஈண்டு ஆராயப் புகவில்லை.

அவ்வாணையில் ஒரு விதி மட்டும் நம் பொருளைச் சேர்ந்தது. ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குப் பெற்றோர் தாலி கட்டுவித்து, அதனையே பிரிக்கவொண்ணாத விவாகமாகக் கொள்ளும் வழக்கத்தைக் குருமார் அனுமதிக்கலாகாது என்பதே அவ்விதி. இங்கே நுட்பமொன்றைக் கவனிக்கவேண்டும். அக்காலத்துத் திருச்சபைச் சட்டத்தில், ஏழு வயது நிரம்பிய குழந்தைக்கு மண ஒப்பந்தம் செய்ய இடமிருந்தது. ஆனால் பருவம் எய்தியதும் அதனை ஏற்கவோ தள்ளவோ அக்குழந்தைக்கு உரிமையும் இருந்தது. தாலியோ அவ்வுரிமையைப் பறித்துவிட்டது. நிச்சயம் என்பது நாளை 'ஆம்' என்று சொல்வதற்கான வாசல். அந்த 'ஆம்' என்னும் சொல்லைக் குழந்தையின் வாயிலிருந்து பெற்றோர் களவாடலாகாது. இது தமிழ்ப் பெண்களின் சார்பாகத் தமிழ் மண்ணிலே 1704-ல் எழுதப்பட்ட விதி. பிரிட்டிஷ் இந்தியாவில் சிறுவர் மணத்தைத் தண்டிக்கும் சாரதா சட்டம் 1929-லேதான் பிறந்தது என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். விதி எழுதப்பட்ட அளவுக்கு அனுசரிக்கப்பட்டதென்று சொல்ல வரவில்லை. எழுதப்பட்டதே பின்வந்தோர் பற்றிக்கொள்ள ஒரு கொம்பாயிற்று என்பதே நம் கருத்து.

கடல் கடந்த ஓலை

பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையாரே பினாங்கிலும் குருப்பணி புரிந்தனர். 1776 முதல் புதுச்சேரிப் பகுதியின் பொறுப்பும் அவர்களிடம் வந்தது. ஆகவே புதுச்சேரி, காரைக்கால் பக்கங்களிலிருந்து இங்கே வந்த கத்தோலிக்கத் தமிழர், ஊரிலே கண்ட அதே சபைக் குருமாரை இங்கும் கண்டனர். பினாங்கு ரோட்டிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் தமிழருக்கென எழுந்தது. புக்கிட் மெர்தாஜாமிலுள்ள புனித அன்னம்மாள் ஆலயத்தில் ஜூலை 26-ஆம் நாளை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்குச் சீனரோடு தமிழரும் திரள் திரளாகச் செல்கின்றனர்.

கோவில் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. தாய்நாட்டிலே ஒருவன் நிச்சயம் செய்யப் புகுந்தால், அவன் யார், முன்னரே மணமானவனா என்பதை ஊர்ப் பெரியோர் அறிவர். பினாங்குத் துறையிலே இறங்கிய வாலிபனை அறிந்தவர் யார்? ஊரிலே ஒருத்தியை வைத்துவிட்டு இங்கே மற்றொருத்திக்குப் பரிசம் போடுவோனை எவ்வாறு கண்டுபிடிப்பது? திரிதெந்தீன் சங்கத்தார் இதனையும் எண்ணியிருந்தனர். நிலையான இருப்பிடமின்றி அலைவோரின் மணத்தை, நன்கு விசாரித்து மேற்றிராணியாரின் உத்தரவு பெறாமல் எந்தக் குருவும் நடத்தலாகாது என்று அவர்கள் தனியே ஒரு விதி வகுத்தனர்.

1908-ல் அமலுக்கு வந்த சட்டம் மற்றுமொரு கட்டளையைச் சேர்த்தது. மணம் எங்கே நடப்பினும், அச்செய்தியை மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்கு எழுதி, அங்குள்ள பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே குறிக்கச் செய்யவேண்டும். இதன் பயன் யாதெனில், பினாங்கிலே தாலி கட்டியவனின் செய்தி, தஞ்சைச் சீமையிலுள்ள ஒரு சிற்றூர்க் கோவிலின் ஏட்டிலே மையால் எழுதப்படும். மறுபடியும் அவன் எங்கே மணக்கப் புகுந்தாலும், ஞானஸ்நானச் சான்றோடு அக்குறிப்பும் வந்து நிற்கும். ஆளைத் தொடர்ந்து கடல் தாண்டக்கூடியது எழுத்து ஒன்றே. உற்றாரில்லாத பெண்ணுக்கு அவ்வெழுத்தே உற்றார்.

எழுத்தறியாதவனுக்கும் எழுத்து

பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் காலத்தில், 1907-ஆம் வருஷம் ஆகஸ்ட் 2-ஆம் நாள் வெளியான மேற்சொன்ன சட்டத்தின் முதல் விதியே மண ஒப்பந்தம் பற்றியது. ஆணும் பெண்ணும் கையொப்பமிட்டு, பங்குக் குருவோ மேற்றிராணியாரோ, அன்றி இரண்டு சாட்சிகளாவது உடன் கையொப்பமிட்ட ஒப்பந்தமே இனிச் செல்லும். வெறும் வாய்ச்சொல் செல்லாது. இருவரில் ஒருவரோ இருவருமோ எழுத அறியாதவராயின், அதனைப் பத்திரத்திலேயே குறித்து, இன்னொரு சாட்சியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்விதியின் பெருமையைத் தோட்டத் தமிழரே நன்கு உணர முடியும். படிப்பில்லாதவன் என்று அவன் புறக்கணிக்கப்படவில்லை. அவனுக்காக இன்னொரு மனிதன் வந்து நிற்கவேண்டுமென்றே சட்டம் கேட்டது. கூலி ஒப்பந்தத்திலே எழுத்தறியாமை ஏய்ப்பதற்கு வாய்ப்பாக இருந்தது. மண ஒப்பந்தத்திலே அதுவே கூடுதல் காவலுக்குக் காரணமாயிற்று. இலங்கையில் அதே 1907-ல் இயற்றப்பட்ட பொது விவாகச் சட்டமும், எழுத்தில் இல்லாத மண வாக்கை மீறியதற்காக நஷ்டஈடு கேட்டு வழக்காட முடியாது என்று விதித்தது. வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நோக்கோடு எழுந்த இரு சட்டங்களும், மண வாக்கிற்கு எழுத்து வேண்டும் என்பதில் ஒன்றுபட்டன.

ஆனால் எழுதிய வாக்கை மாற்றினால் என்ன செய்வது? இதிலே பழைய பாப்பரசர்களிடையே இரு போக்குகளைக் காண்கிறோம். வாக்களித்தவரைத் திருச்சபைத் தண்டனையால் நெருக்கலாம் என்பது ஒன்று. விவாகம் சுதந்திரமாக நிகழவேண்டியதாகையால் நெருக்குவதினும் புத்தி சொல்வதே தகும் என்பது மற்றொன்று. 1181 முதல் 1185 வரை ஆண்ட மூன்றாம் லூசியஸின் முடிவு இது. எழுநூறு வருஷத்திற்குமேல் சென்றபின், 1917-ல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டநூல் இரண்டாவது போக்கிற்கே வெற்றி தந்தது. மண ஒப்பந்தத்தைக் காட்டி மணம் முடிக்கும்படி வழக்காட முடியாது; நேர்ந்த நஷ்டத்திற்கு ஈடு மட்டும் கேட்கலாம். 1983-ன் புதிய சட்டநூலும் இதனையே ஏற்றது. அதோடு, ஒப்பந்தத்தின் முறையை அந்தந்த நாட்டு மேற்றிராணிமார் உள்ளூர் வழக்கத்தையும் அரசாங்கச் சட்டத்தையும் நோக்கி வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது.

போரும் மறுவாழ்வும்

இச்சுதந்திரம் வெறும் ஏட்டுச் சுதந்திரமன்று. 1941-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஜார்ஜ் டவுனின்மேல் ஜப்பானியர் குண்டு பொழிந்தனர். பின்வந்த வருஷங்களில் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர், திரும்பாதவர் பலர். அவருள் மணமானவரும் உண்டு, நிச்சயமானவரும் உண்டு. மணமானவள் மறுமணம் செய்யவேண்டுமாயின், கணவன் இறந்தான் என்று திருச்சபை திடமாக அறியவேண்டும். நிச்சயம் மட்டும் ஆனவளுக்கோ அத்தளை இல்லை. காத்திருப்பதும் அவள் உரிமை; கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வேறு வாழ்வு தொடங்குவதும் அவள் உரிமை. இவ்வேறுபாட்டை அறியாமல், தாம்பூலம் மாற்றியதாலேயே ஒரு பெண்ணை விதவைபோல் நடத்தும் குடும்பம், திருச்சபை சுமத்தாத சுமையை அவள்மேல் சுமத்துகின்றது.

1984-ல் ரோமாபுரியில் வெளியான ஆசீர்வாத நூலிலே, நிச்சயமானவரை ஆசீர்வதிக்கும் சடங்கு ஒன்று சேர்க்கப்பட்டது. பெற்றோரே அதனை நடத்தலாம், மோதிரமோ பரிசோ மாற்றலாம், பத்திரத்தில் கையொப்பமிடலாம். ஆயினும் அதனைப் பூசையோடு சேர்க்கலாகாது, விவாகமென்று மயங்கும்படி நடத்தலாகாது என்று அந்நூல் எச்சரிக்கின்றது. ஆசீர்வாதமும் வேண்டும், வாசலும் திறந்திருக்கவேண்டும் என்பது கருத்து. மலேசிய அரசாங்கத்தாரின் 1976-ஆம் வருஷத்து விவாகச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் அமலுக்கு வந்தது. அதன்படி மணத்திற்கு முன் அறிவிப்புக் கொடுத்து 21 நாள் பகிரங்கமாக ஒட்டிவைப்பதும் பழைய ஓலை வாசிப்பின் தம்பியே அன்றோ!

நாம் கொள்ளவேண்டியது

பிரெஞ்சு மொழியில் மணத்திற்கு நிச்சயிக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல், நம்புதல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. அவ்வேரை நாம் மறத்தலாகாது. நம் வீடுகளில் இன்றும் கேட்கும் பேச்சு எது? "பரிசம் போட்டாயிற்று, இனிப் பேச்சில்லை", "மண்டபத்திற்குப் பணம் கட்டியாயிற்று, இனிப் பெண் வாய் திறக்கலாமா?", "நிச்சயம் முறிந்த பெண்ணை யார் எடுப்பார்?" கத்தோலிக்கர் வீடாயினும் பிறர் வீடாயினும் இப்பேச்சில் பேதமில்லை. குடி, கொடுமை, மறைத்த கடன், மறைத்த மனைவி ஆகியவற்றை நிச்சயத்திற்குப் பின் அறிந்தும், ஊர்ப் பேச்சுக்கு அஞ்சித் தாலிக்குக் கழுத்தை நீட்டிய பெண்கள் எத்தனை பேர்! அங்கே நடப்பது மண ஒப்பந்தமன்று. பழைய கூலி ஒப்பந்தமே.

நிச்சயம் முறிவது நல்லதென்று எவரும் கூறார். அற்பக் காரணத்திற்கு வாக்கு மாறுவது துரோகமே. அதனாலேயே நஷ்டஈட்டிற்குச் சட்டம் இடம் தந்தது. ஆனால் முறிந்த நிச்சயம் நோகும். முறியவேண்டிய நிச்சயம் முறியாமல் விவாகமாக முடிந்தால் அது வாழ்நாளெல்லாம் நோகும். ஒருமுறை பிழைத்துப்போன நிச்சயத்திற்குப் பின் மறுபடியும் ஒருவர் கையைப் பற்ற மனம் துணிவதும் விசுவாசத்தின் செயலே. அவ்வாறு துணிவோரைப் பழைய கதை பேசிப் புண்படுத்தாமல் வாழ்த்துவது சமூகத்தின் கடன்.

ஆகவே பெற்றோர்களே, பெரியோர்களே! பாக்கும் வெற்றிலையும் மாற்றும்போது ஆணையும் பெண்ணையும் சபையிலே வாய்திறந்து சம்மதம் கேளுங்கள். பேசியதை எழுதி, இருவர் கையொப்பமும் சாட்சிகள் கையொப்பமும் வாங்குங்கள். அவன் எங்கிருந்து வந்தவன், அவள் எங்கிருந்து வந்தவள் என்பதைக் கூச்சமின்றி விசாரியுங்கள். நிச்சயத்திற்கும் மணத்திற்கும் இடையே இருவரும் ஒருவரையொருவர் அறியத்தக்க காலம் விடுங்கள். இருவரில் ஒருவர் தயங்கினால் அத்தயக்கத்தைச் செவிகொடுத்துக் கேளுங்கள். சிறைக்கு அஞ்சி நின்ற ஒப்பந்தத்தை நம் முன்னோர் போதுமட்டும் கண்டுவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கைகோக்கும் ஒப்பந்தமாவது, போக வழியிருந்தும் போகாமல் நிற்கும் இருவரின் ஒப்பந்தமாக இருக்கட்டும்.